வலது மணிக்கட்டு

20 செப்டெம்பர் 2024

அன்புள்ள நிரோஷா,

நான் உனக்கு எழுதும் இரண்டாவது கடுதாசி இது. முதல் கடுதாசி உன்னைப் பெண் கேட்க வருவதற்கு முன்னால் எழுதியது. அதற்கே நீ பதில் போடவில்லை. இதற்காவது போடு.

எத்தனை முறை அடித்தும் உன் போன் கிடைக்கவில்லை. நெட்வேர்க்கில்தான் ஏதோ பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கடையில் என்னோடு மூட்டை தூக்கின பாயிஸிடம் கேட்டால், "நெட்வேர்க் ஒண்டுமில்ல மச்சான், அவ ஒன்ன புளொக் பண்ணீக்கிறா" என்று சிரிக்கிறான். கட்டின புருஷனை புளொக் பண்ணுகிற ஊரா நம்முடைய ஊர்? சரி, அதை விடு. போனில் பேசினால் நாம் சண்டைதான் பிடிக்கிறோம். நான் ஒன்று சொல்லி முடிப்பதற்குள் நீ மூன்று சொல்லிவிடுவாய். கடுதாசியில் குறுக்கே பேச முடியாது. அதனால் இதுவும் ஒரு விதத்தில் நல்லதுதான்.

நடந்ததை நேராகவே சொல்கிறேன். மீன் வெட்டும் கொட்டிலில்தான் வேலை என்று நீயும் நானும் பேசித்தான் வந்தேன். இங்கே வந்தபோது கம்பனிக்கு ஒரு படகும் இருந்தது. அதில் இருந்த ஒருவன் ஊருக்குப் போய்விட்டான். படகுக்கு யார் வருகிறீர்கள் என்று கப்டன் கேட்டார். என் கை தானாக மேலே போய்விட்டது. அவ்வளவுதான். அன்றே உனக்கு போன் எடுத்துச் சொன்னேன். நீ என்னவெல்லாம் சொன்னாய் என்று இங்கே எழுதப் போவதில்லை. கடுதாசி தாங்காது.

இது ஜப்பானின் வடக்குக் கரை. இரண்டு பெரிய நிலங்களுக்கு நடுவில் ஒடுங்கிய கடல், மகாவலி வெள்ளம் போகிற மாதிரி தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. கண்டி மார்க்கெட்டில் கெலவல்லா மீன் வாங்குகிறோமே, அதற்குப் பெரியண்ணன் மாதிரி ஒரு மீன் குளிர் காலத்தில் இந்த வழியாகப் போகும். நீலச் சூரை. சில மீன் நம்முடைய கட்டிலை விட நீளம். அதைப் பிடிக்கத்தான் இந்த ஆயத்தமெல்லாம். இஞ்சினைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள். அது ஓடத் தொடங்கியதும் நாங்களும் போவோம். கப்டனுக்கு இது மனைவியின் ஊர். இத்தனை காலமும் தெற்கே மீன் பிடித்தவர், இந்தக் கடலில் அவருக்கே இதுதான் முதல் வருஷம். என்னோடு யாந்தோ என்று ஒரு இந்தோனேசியாக்காரன் இருக்கிறான். மூன்று பேர், மூன்று பேருக்கும் புதுக் கடல்.

நீந்தத் தெரியுமா என்று கேட்பாய். இந்தக் குளிர்த் தண்ணீருக்கு நீந்தத் தெரிந்தவனும் தெரியாதவனும் ஒன்றுதான் என்று கப்டன் சொல்கிறார். ஆகவே அதைப் பற்றி யோசிக்காதே.

பதில் போடு.

உன்
மோகனராஜ்


3 ஒக்டோபர் 2024

திரு. மோகனராஜ் அவர்களுக்கு,

கடுதாசி கிடைத்தது. வீட்டுக்காரம்மா பிரிக்காமல்தான் தந்தார். ஜப்பான் முத்திரையை அவருடைய மகன் கேட்டான், கொடுத்துவிட்டேன். அதில் மட்டும்தான் ஒருவருக்குச் சந்தோஷம்.

நீந்தத் தெரிந்தவனும் தெரியாதவனும் ஒன்று என்று எழுதிவிட்டு, யோசிக்காதே என்றும் எழுதுகிறீர்கள். உங்களுக்கு மூளை இருக்கிறதா? நாவலப்பிட்டியில் பிறந்து, ஸ்கூல் டிரிப்பில் ஒரே ஒருநாள் கடலைப் பார்த்து, அன்றைக்கும் அலை வந்து சப்பாத்தை நனைத்ததற்கு அழுத ஆள் நீங்கள். இதைச் சொன்னது உங்கள் அம்மா, நானில்லை.

இங்கே எல்லாம் வழமை போல. காலையில் பல்லேகல பஸ்ஸுக்கு ஓடுகிறேன், பின்னேரம் ஃபெக்டரியிலிருந்து தையல் நூல் ஒட்டிய சட்டையோடு வருகிறேன். "ஹஸ்பண்ட் ஜப்பான்லயா?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்கிறேன். "என்ன வேலை?" என்று கேட்டால், மீன் வெட்டுகிறார் என்கிறேன். உங்களுக்காகப் பொய் சொல்லப் பழகிவிட்டேன்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். கப்டனிடம் போய், என்னால் முடியாது, கொட்டிலுக்கே போகிறேன் என்று சொல்லுங்கள். சொன்ன அன்றைக்கே உங்கள் நம்பரைத் திறந்துவிடுகிறேன். அதுவரை போன் இல்லை.

அந்தக் கை தானாக மேலே போனது என்று எழுதினீர்களே, அந்தக் கைதான் எனக்கு வேண்டும். முழுதாக.

நிரோஷா


15 ஒக்டோபர் 2024

அன்புள்ள திருமதி நிரோஷா அவர்களுக்கு,

உன் கடுதாசியை நாலு தரம் வாசித்தேன். திட்டுதான், ஆனாலும் உன் கையெழுத்து. யாந்தோ "மனைவியா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "அன்பாக எழுதியிருக்கிறாரா?" என்றான். மிகவும் அன்பாக என்று சொல்லிவிட்டேன். நானும் பொய் சொல்லப் பழகுகிறேன்.

ஆயத்தம் மும்முரமாக நடக்கிறது. ஒரு முழு நாளும் தூண்டில் கூர் பார்ப்பதிலேயே போகிறது. ஒவ்வொரு தூண்டிலும் என் நடுவிரல் நீளம். நகத்தில் வைத்து இழுத்தால் வழுக்கக் கூடாது, கீறு விழ வேண்டும். பிறகு கயிறு. நம்முடைய தங்கூசி நைலோன் நூல் மாதிரித்தான், தடிப்பு மட்டும் அதிகம். அதைக் கூடைக்குள் சுருள் சுருளாக அடுக்க வேண்டும். ஒரு சுருள் பிழைத்தாலும் கப்டன் எல்லாவற்றையும் வெளியே கொட்டி மீண்டும் அடுக்கச் சொல்கிறார். உன் அம்மா சேலை மடிக்கும்போது உன்னைப் படுத்துவாரே, அதே மாதிரி.

நேற்று ஒரு பயிற்சி நடந்தது. கப்டன் தன்னுடைய சின்ன லொறியின் பின்னால் கயிற்றின் முனையைக் கட்டினார். கூடை எங்கள் பக்கம், லொறி அந்தப் பக்கம். அவர் துறைமுகத்து ஓரத்தால் லொறியை ஓட்டிக்கொண்டு போவார், அதுதான் மீன். நாங்கள் கயிற்றைக் கையுறைக்குள்ளால் ஓடவிட வேண்டும். அவர் மெதுவாக்கினால் இழுக்க வேண்டும், வேகமெடுத்தால் விட வேண்டும். யாந்தோ அழகாகச் செய்தான். என் முறை வந்தது. லொறி வேகமெடுத்தது. நான் விடவில்லை. என்னை அறியாமலே வலது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டேன், கடையில் மேல் கிடங்குக்குக் கயிறு கட்டி மூட்டை தூக்கும்போது சுற்றுவேனே, அப்படி. கொஞ்சத் தூரம் என்னை இழுத்துக்கொண்டு போனது. முழங்காலிலும் கையிலும் சின்னக் கீறல், பயப்படாதே.

கப்டன் இறங்கி வந்து கத்தினார், "விடு! விடு! விடு!" என்று. அந்தச் சொல் எனக்கு நன்றாக விளங்குகிறது, கண்டியில் படித்த ஜப்பானிய வகுப்பிலும் அது இருந்தது. கைதான் கேட்கமாட்டேன் என்கிறது. மூன்று தரம் செய்தோம், மூன்று தரமும் சுற்றிவிட்டேன். இஞ்சின் சரியானதும் இன்னொரு தரம் பார்ப்பாராம். அப்போதும் சுற்றினால் படகில் இடமில்லை, கொட்டிலுக்குப் போ என்று சொல்லிவிட்டார்.

நான் விட மாட்டேன் நிரோஷா. எப்படியாவது பழகிவிடுவேன்.

மோகனராஜ்


26 ஒக்டோபர் 2024

உங்களுக்கு,

கடுதாசியை வாசித்ததும் கும்பிட்டேன். மாரியம்மா, மூன்று தரமும் தோற்க வைத்தாயே என்று.

தோற்றுப் போங்கள். நாலாவது தரமும் சுற்றுங்கள். அந்தக் கப்டனுக்கு என் சார்பில் நன்றி சொல்லுங்கள், உங்களைக் கொட்டிலுக்கு அனுப்பப் போகிற ஒரே நல்ல மனுஷன் அவர்தான். கொட்டிலில் நின்று கொண்டு மீனை வெட்டுங்கள், கழுவுங்கள், பெட்டியில் போடுங்கள். செத்த மீன் உங்களை எங்கும் இழுத்துக்கொண்டு போகாது.

"சின்னக் கீறல்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சின்னக் கீறல் எனக்குத் தெரியும். கடையில் பருப்பு மூட்டை நழுவின அன்றைக்கும் சின்னக் கீறல் என்றுதான் வந்தீர்கள். மணிக்கட்டைச் சுற்றித் தோல் உரிந்திருந்தது. ஒரு மாதம் நான்தான் சோறு பிசைந்து தந்தேன்.

தீபாவளிக்கு நாவலப்பிட்டிக்குப் போகிறேன். அம்மா பலகாரத்துக்கு மா இடித்துவிட்டாராம். "மாப்பிள என்ன சொல்றாரு?" என்று கேட்பார். என்ன சொல்வது?

நிரோஷா


6 நவம்பர் 2024

நிரோஷா,

தோற்றுப் போங்கள் என்று எழுதின கடுதாசி தீபாவளி கழிந்து வந்தது. நல்ல பலகாரம்.

நான் போட்டதைப் போட்டபடி விடுகிற ஆள் என்று சொன்னது யார்? குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில், எயார்போர்ட் பஸ்ஸில் பேக்கை ஏற்றிவிட்டு நீ சொன்னாய்: "தையல் கிளாஸ பாதியில விட்டீங்க. திரீவீல பாதியில விட்டீங்க. கடையையும் விட்டுட்டு இப்ப ஜப்பானுக்கு. ஒன்னயாச்சும் முழுசா முடிச்சுக் காட்டுங்க." கண்டக்டர் கூட என்னைத் திரும்பிப் பார்த்தான். அதைச் சொல்லித்தான் என்னை பஸ்ஸில் ஏற்றினாய். இப்போது ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், விடு என்கிறாய். கப்டனும் விடு என்கிறார். ஆளாளுக்கு விடு விடு என்றால் நான் எதைத்தான் பிடிப்பது?

வேலை முடிந்த பிறகு நானே பழகுகிறேன். யாந்தோ கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடுகிறான், நான் விடுகிறேன். மெதுவாக ஓடினால் சரியாக வருகிறது. திடீரென்று இழுத்தால் கை போய்ச் சுற்றிக்கொள்கிறது. கையை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது.

இன்னொன்றும் நடந்தது. எழுத வேண்டாம் என்று நினைத்தேன், ஆனால் சொல்ல இங்கே யாருமில்லை. பக்கத்துப் படகு கடலுக்குப் போய் வந்தது. அதிலும் ஒருவன் கையில் கயிறு சுற்றியிருக்கிறது. மீன் கீழே இறங்கியது. இரண்டு விரல் போய்விட்டது. அவனை இறக்கும்போது நான் துறையில் நின்றேன். அவன் கத்தவில்லை, கையையே பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்தைந்து வயதுகூட இருக்காது.

எனக்குப் பயமாக இருக்கிறது நிரோஷா. சொல்லிவிட்டேன். ஆனாலும் கொட்டிலுக்குப் போக மாட்டேன். இந்த மாதக் கடைசியில் இஞ்சின் தயாராகிவிடும். ஆள் போதாது என்பதால் லொறியில் இன்னொரு தரம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் கப்டன் என்னைக் கூட்டிப் போய்விடுவார் போலவும் தெரிகிறது.

மோகனராஜ்


15 நவம்பர் 2024

என்னங்க,

இந்தக் கடுதாசியோடு ஒரு சின்னப் பொட்டலம் இருக்கிறது. அவசரத் தபாலில் போடுகிறேன். முழுதும் வாசித்த பிறகுதான் பிரிக்க வேண்டும்.

உங்கள் கடுதாசி வந்த அன்று நான் வேலைக்குப் போகவில்லை. நேராகக் கடைக்குப் போனேன். பாயிஸ் மேல் கிடங்கிலிருந்து இறங்கி வந்தார். அந்த இரண்டு விரலைப் பற்றிச் சொன்னேன். அவர் அப்படியே மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். "இது என்னால வந்த பழக்கம் தங்கச்சி" என்றார். பருப்பு மூட்டை நழுவின அன்று அவர் சரியாக மூட்டைக்குக் கீழே நின்றாராம். நீங்கள் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்திராவிட்டால் மூட்டை அவர் தலையில் விழுந்திருக்கும். "அவன் விட்டீந்தா நான் மவுத்து" என்றார். இத்தனை வருஷத்தில் இதை நீங்கள் என்னிடம் சொல்லவே இல்லை. கீறல் என்று மட்டும் சொன்னீர்கள்.

விட்டால் கீழே நிற்கிறவன் சாவான் என்று உங்கள் கைக்குத் தெரியும். அதனால்தான் அது விடாது. கப்டன் கத்தினாலும் விடாது. நான் கத்தினாலும் விடாது.

அவர்தான் இன்னொன்றும் சொன்னார். "கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினா அந்த நாளைக்கி மட்டும் கயித்த கையில சுத்த மாட்டான். எங்கள எல்லாம் தள்ளிட்டு தூண்லதான் சுத்துவான்." எனக்கு உடனே ஞாபகம் வந்தது. காப்புக் கட்டின நாட்களில் நீங்கள் எப்படி இருப்பீர்கள்! வலது கையில் என் வளையல்கூடப் படக் கூடாது. குளித்தால் அந்தக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குளிப்பீர்கள். மாரியம்மன் காப்பின் மேல் வேறொரு கயிறு சுற்ற உங்கள் கை சம்மதிக்காது.

கடையிலிருந்து வந்து இரண்டு நாள் சும்மா இருந்தேன். மறைக்காமல் சொல்கிறேன். இதை அனுப்பாவிட்டால் நீங்கள் தோற்பீர்கள், கொட்டிலுக்குப் போவீர்கள், நான் கேட்டது நடக்கும். அனுப்பினால் நானே உங்களைக் கடலுக்கு அனுப்பின மாதிரி. ஆனால் ஆள் போதாமல் கப்டன் உங்களைப் பார்க்காமலே கூட்டிப் போனால்? அந்தக் கையோடேயே போவீர்கள். நான் கேட்டது நடக்கும் என்று உட்கார்ந்திருந்தால் விரலை எண்ணிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

கோயிலுக்குப் போனேன். பூசாரி, "திருவிழா இல்லாத நேரத்துல எதுக்கும்மா காப்பு?" என்றார். சொன்னேன். "உயிரை எடுக்கிற தொழிலுக்கா காப்பு?" என்றார். "எடுக்கிறதுக்கு இல்ல சாமி, ஒரு கைய காக்கிறதுக்கு" என்றேன். பிறகு நூலில் மஞ்சள் துண்டை வைத்து முடிந்து, அம்மன் காலடியில் வைத்து எடுத்துத் தந்தார். மீனும் இறைச்சியும் முட்டையும் வாயில் படக் கூடாது, படகை விட்டு இறங்கிய பிறகுதான் அவிழ்க்கலாம் என்றார். மீன் பிடிக்கப் போகிறவனுக்கு மீன் கூடாது. சிரிக்காதீர்கள். நானும் சாப்பிடவில்லை.

நீங்களே கட்டக் கூடாது, இன்னொருவர் கட்ட வேண்டும். யார் கட்டினாலும் சரி. மஞ்சள் முடிச்சு மணிக்கட்டின் உட்பக்கம் வர வேண்டும், கையுறைக்குள் உறுத்தட்டும்.

பஸ் ஸ்டாண்டில் நான் சொன்னதை மறந்துவிடுங்கள். நீங்கள் போய்விடுவீர்கள் என்ற கோபத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். உங்களைப் போகாதீங்க என்று பிடித்துவைக்கத் தெரியாமல் அப்படிச் சொன்னேன். இப்போது சொல்கிறேன், கேளுங்கள். கயிறு ஓடினால் ஓடட்டும். கீழே பாயிஸ் இல்லை, மீன்தான் இருக்கிறது. விட்டுருங்க. என்னங்க, விட்டுருங்க.

நிரோஷா


3 டிசெம்பர் 2024

என் நிரோஷா,

பொட்டலம் இஞ்சின் ஓடின அன்று வந்தது. நீ சொன்ன மாதிரி கடுதாசியை முழுதும் வாசித்துவிட்டுத்தான் அதைப் பிரித்தேன். மஞ்சள் வாசம் வந்தது. கொட்டிலுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். குளிர் காற்றில் கண்ணீர் வருகிறது என்று யாந்தோவிடம் சொன்னேன்.

யார் கட்டுவது என்று யோசித்து, கப்டனிடமே கொண்டு போனேன். இது என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஜப்பானியத்தில், மனைவி அனுப்பியது, எங்கள் அம்மனுடையது, இதன் மேல் வேறு கயிறு சுற்றக் கூடாது என்றேன். அவர் சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து கட்டினார். படகுக்காரர் போடுகிற முடிச்சு, பூசாரி பார்த்தால் பொறாமைப்படுவார்.

மறுநாள் லொறி. யாந்தோவுக்குத்தான் என்னை விடப் பயம். லொறி வேகமெடுத்தது. கை திரும்பியது, திரும்பின கை பாதியில் நின்றது. உள்ளே மஞ்சள் குத்தியது. விரலை விரித்தேன். கயிறு ஓடியது. லொறி துறையின் கடைசி வரை போனது, நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கப்டன் இன்னும் இரண்டு தரம் ஓட்டினார். பிறகு ஒரு பழைய உயிர்காப்பு அங்கியை என் மேல் எறிந்தார். படகில் எனக்கு இடம் கிடைத்தது என்று அர்த்தம்.

போனோம். முதல் நாள் ஒன்றுமில்லை, வாந்திதான். இரண்டாம் நாளும் அப்படித்தான். இந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கும் என்று கப்டனுக்கே தெரியவில்லை, கரையைப் பார்ப்பதும் மற்றப் படகுகளைப் பார்ப்பதுமாக இருந்தார். மூன்றாம் நாள் காலையில் கூடை பேசத் தொடங்கியது. அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதில்லை. சுருள் சுருளாக அடுக்கின கயிறு ஒன்றன் பின் ஒன்றாக எழும்பிப் பறந்தது. கயிறு சூடேறாமல் யாந்தோ தண்ணீர் ஊற்றினான். கயிறு என் இரண்டு கைக்கும் நடுவில். மீன் நின்றது, இழுத்தேன். கொஞ்சம் வந்தது. இன்னும் கொஞ்சம். தண்ணீருக்குள் ஒரு நீல வெளிச்சம் தெரிந்தது நிரோஷா, நம் வீட்டுக் கதவளவு. கப்டன் ஈட்டியை எடுத்தார்.

அது எங்களைப் பார்த்ததோ என்னவோ, தலையைக் கீழே போட்டு இறங்கியது. என் உடம்பெல்லாம் ஒரே சொல்தான், விடாதே. அவ்வளவு தூரம் வந்த மீன். கை சுற்றப் போனது. போய் மஞ்சளில் முட்டியது. உன் குரல் கேட்டது என்று எழுதினால் பொய்யென்று திட்டுவாய். ஆனாலும் கேட்டது.

விட்டேன்.

கயிறு படகின் விளிம்பில் புகைந்தது. கூடை காலியானது. கடைசியில் கட்டியிருந்த மிதவை உருளையையும் இழுத்துக்கொண்டு போய், எங்கேயோ தூண்டில் கழன்று, மீன் போய்விட்டது. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். கப்டன் வந்து என் கையுறையைக் கழற்றினார். காப்பைப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு கூடையை என் முன்னால் வைத்து, அடுக்கு என்றார்.

யாந்தோ பொரித்த மீனை நீட்டினான். காப்பைக் காட்டினேன். வெறும் சோறும் முள்ளங்கி ஊறுகாயும் சாப்பிட்டேன்.

நீ கேட்ட கை இது. இந்தத் தாளின் பின்பக்கத்தில் வைத்து வரைந்திருக்கிறேன். முழுதாக இருக்கிறது.

உன்
மோகனராஜ்


14 டிசெம்பர் 2024

என்னங்க,

கடுதாசியைத் திருப்பி உங்கள் கையைப் பார்த்தேன். என் கையை அதன் மேல் வைத்தேன். எவ்வளவு நேரம் வைத்திருந்தேன் என்று தெரியாது, பல்லேகல பஸ் போய்விட்டது.

பிறகு வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். சின்னவிரல் நுனியில் கோணலாக இருக்கிறது. அது வரைந்ததில் வந்த கோணலா, விரலில் வந்த கோணலா? லொறியில் மாட்டியதா, கயிற்றில் மாட்டியதா? கப்டன் விரல் விரலாகப் பார்த்தார் என்று எழுதினீர்களே, அந்த விரலில் என்ன சொன்னார்?

இதற்குக் கடுதாசியில் பதில் போட வேண்டாம். சின்னக் கீறல் என்று எழுதுவீர்கள், நான் பத்து நாள் காத்திருந்து அதை வாசிக்க வேண்டும். உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். இது கிடைத்த உடனே எடுங்கள். சண்டை பிடிப்பேன். எடுங்கள்.

நிரோஷா